உயர மறிப்புச் சட்டத்துக்கு எத்தனை கிலோநியூட்டன்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். யாழ்ப்பாணம் கொக்குவில் பக்கம் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று, கீழ்த்தளம் முழுக்க வாகனத் தரிப்பிடம். வாசலில் 2.2 மீட்டர் உயரத்தில், அதைவிட உயரமான வண்டிகளை மறிக்கும் குறுக்குச் சட்டம் ஒன்று போட வேண்டும். ஐரோப்பியக் கட்டமைப்பு விதிநூலான யூரோகோட்டில் மோதல் விசை 75 கிலோநியூட்டன் என்று இருக்கிறது, பழைய பிரித்தானிய கோட்டில் 150 என்று இருக்கிறது, கட்டட உரிமையாளரோ "லொறி வந்து இடிச்சாலும் அசையக் கூடாது" என்கிறார், எதை எடுப்பது என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூடவே தன் ஊர் ஒழுங்கையில் கோயில் நுழைவாயில் வளைவு ஒன்றை டிப்பர்கள் இடிப்பதாகவும், அதற்கு முன்னால் ஒரு சட்டம் போடலாமா என்றும் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு வேறு பிரச்சினை.

முதலில் அந்த 150 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அந்தப் பழைய பிரித்தானிய கோட்டான பி.எஸ். 6399 பகுதி 1 இல் வாகனத் தரிப்பிடத் தடுப்புகளுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: வாகனத்தின் இயக்கசக்தியை, வாகனம் நசுங்கும் தூரமும் தடுப்பு வளையும் தூரமும் சேர்ந்த நீளத்தால் வகுத்தால் விசை வரும். 1500 கிலோ திணிவு, செக்கனுக்கு 4.5 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர், கார் நசுங்குவது 100 மில்லிமீட்டர், தடுப்பு துளியும் வளையவில்லை என்று வைத்தால் 152 கிலோநியூட்டன் வரும். அதைத்தான் 150 என்று எழுதியிருக்கிறார்கள். அந்த விசை படும் இடம் தரையிலிருந்து 375 மில்லிமீட்டர், அதாவது காரின் பம்பர். மாடித் தரிப்பிடத்தின் விளிம்பிலிருந்து கார் கீழே விழாமல் தடுக்கும் சுவருக்கான கணக்கு அது. உங்கள் சட்டமோ கூரை மட்டத்தில் இருக்கிறது. ஹயஸ் வானின் கூரைத் தகட்டுக்கு 150 கிலோநியூட்டனைக் கடத்தும் பலம் கிடையாது, அதற்கு எவ்வளவோ முன்பே தகடு மடிந்து உரிந்துவிடும். ஆகவே 150 ஐ இந்த வேலைக்கு மறந்துவிடலாம்.

75 கொஞ்சம் கிட்டவான எண். யூரோகோட் 1991-1-7 இல் இரண்டு அட்டவணைகள் அடுத்தடுத்து இருக்கின்றன, ஒன்று தூண்களில் வாகனம் மோதுவதற்கு, மற்றது மேலே குறுக்காகப் போகும் அமைப்பில் மோதுவதற்கு. தூணுக்குப் பயணத் திசையில் நெடுஞ்சாலை என்றால் 1000, கிராமப்புற வீதி 750, நகர வீதி 500, தரிப்பிடமும் முற்றமும் லொறி வரும் இடமென்றால் 150, கார் மட்டுமென்றால் 50 கிலோநியூட்டன். மேலே உள்ள அமைப்புக்கு முறையே 500, 375, 250, 75. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பின்னது முன்னதில் சரி பாதி என்று தெரியும். பாதியாக இருப்பது பௌதிகத்துக்கும் ஒத்துப்போகிறது: கீழே மோதும் லொறி சேசிசும் எஞ்சினுமாக மொத்தத் திணிவோடு மோதுகிறது, மேலே மோதுவது பெட்டியின் தலை, அது கிழியும், மடியும், வண்டியின் முன்பக்கம் எழும்பும், ஏற்றிய சாமான் இடம்விட்டுச் சரியும், மொத்தத் திணிவும் ஒரே துண்டாக வந்து நிற்பதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 75 கார் தரிப்பிடத்துக்கென்று பிரித்த எண் அல்ல, லொறி நுழையக்கூடிய முற்றத்துக்கும் சேர்த்துச் சொன்னது. இவை எல்லாமே வழிகாட்டும் எண்கள், ஒவ்வொரு நாடும் தன் தேசிய இணைப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்று கோட்டே சொல்கிறது. அதைவிட முக்கியமானது, இவை பாலத்துக்காகவும் கட்டடத்துக்காகவும் எழுதப்பட்டவை. அடிபட்டாலும் விழாமல் நிற்க வேண்டிய பொருட்கள் அவை. உங்கள் சட்டம் அடிபட்டாலும் நிற்க வேண்டியதா? அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும், எண் பிறகு தானாக வரும்.

நான் எப்போதும் கேட்கும் முதல் கேள்வி, இந்தச் சட்டம் எதைக் காப்பாற்றுகிறது என்பது. உங்கள் கட்டடத்தில் வாசலுக்கு மேலே இருப்பது கொங்கிரீட் வளை (பீம்), அதோடு சேர்ந்து வார்த்த சிலாப். 75 கிலோநியூட்டன் கிடையாக வந்தாலும் சிலாப் முழுவதும் ஒரு தட்டாக வேலை செய்து அந்த விசையை வாங்கிக்கொள்ளும், விளிம்பில் கொஞ்சம் கொங்கிரீட் உடையலாம், ஒரு எல் இரும்பைப் பதித்துவிட்டால் அதுவும் இல்லை. உடையப்போவது சிலாப்புக்குக் கீழே தொங்கும் பி.வி.சி. கழிவுக் குழாயும் மின்கம்பித் தட்டும்தான், பிறகு உள்ளே வந்த வானின் கூரையும் அதில் இருப்பவர்களும். இவற்றைக் காக்க வண்டியை முரட்டுத்தனமாக நிறுத்தத் தேவையில்லை, "உன் வண்டி உயரம், உள்ளே போகாதே" என்று ஓட்டுநருக்குச் சொல்லிவிட்டால் போதும். அது எச்சரிக்கைச் சட்டத்தின் வேலை, எச்சரிக்கைச் சட்டத்துக்கு மோதல் விசை என்று ஒன்றைத் தேடவே தேவையில்லை.

உரிமையாளர் கேட்பதுபோல அசையாத சட்டம் கட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள், அவருக்கே விளங்கும். வாசல் அகலம் 6 மீட்டர், நடுவில் 75 கிலோநியூட்டன் என்றால் பெண்டிங் மொமென்ட் (சட்டத்தை வளைக்கும் திருப்பம்) 112.5 கிலோநியூட்டன் மீட்டர். 275 தர உருக்கில் 200க்கு 200, 8 மில்லிமீட்டர் தடிப்புச் சதுரக் குழாய் அதற்குச் சரியாக வரும். அதன் எடை ஆறு மீட்டருக்கு ஏறக்குறைய 290 கிலோ. சரி, அதை வைத்துவிட்டீர்கள். ஒரு வண்டி நடுவில் மோதாமல் ஒரு ஓரத்தில் மோதினால் முழு 75 உம் ஒரே தூணுக்குப் போகும். 2.3 மீட்டர் உயரத்தில் 75 என்றால் தூணின் அடியில் மொமென்ட் 170 கிலோநியூட்டன் மீட்டருக்கு மேல். அதைக் கவிழாமல் பிடிக்க 1.8 மீட்டர் சதுர அத்திவாரம் என்றால் வெறும் எடையாலேயே 190 கிலோநியூட்டன் வேண்டும், அதாவது 8 கன மீட்டர் கொங்கிரீட், ஒரு தூணுக்கு. கார் விடும் வாசலில் இரண்டு தூணுக்கு 16 கன மீட்டர்! யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் ஒரு மீட்டர் தோண்டுவதற்குள் சுண்ணக்கல் வந்துவிடும், கல்லில் துளை போட்டுக் கம்பியைப் பதித்தால் கொங்கிரீட் குறையும் என்று நீங்கள் சொல்லலாம். அது உண்மைதான், ஆனால் நம் கல் பொந்துள்ள கல், நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்தப் பொந்துகளின் வேலைதானே. துளை போட்ட இடத்தில் நல்ல கல் இருக்கிறதா வெறும் ஓட்டையா என்று ஒவ்வொரு துளையிலும் பார்க்காமல் நங்கூரக் கம்பியை நம்பக் கூடாது.

உண்மையில் இப்படிக் கட்டுபவர்கள் எவரும் முழுதாகக் கட்டுவதில்லை, ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சட்டத்தை மட்டும் பலமாகப் போடுவார்கள், தூணும் அத்திவாரமும் கண்ணளவுக்கு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண மண்டபத்தில் அடிபட்ட சட்டம் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். கல்யாண வீட்டுக்கு வாழைமரம் ஏற்றிவந்த கன்டர் லொறி ஒன்று நடந்து போகும் வேகத்தில்தான் உள்ளே திரும்பியிருக்கிறது. ஐ கேர்டரை வழக்கமாக வீட்டில் வைப்பதுபோல நிமிர்த்தி வைத்திருந்தார்கள். மேலிருந்து வரும் பாரத்துக்கு அது சரி, ஆனால் வண்டி பக்கத்திலிருந்து அல்லவா தள்ளுகிறது, அந்தத் திசையில் ஐ கேர்டர் மிகவும் பலவீனம். கேர்டர் முறுகிக்கொண்டு திரும்பியிருந்தது. ஒரு பக்க முனைத் தகட்டில் நான்கு போல்ட், நான்கும் அறுந்து கிடந்தன, மற்றப் பக்கம் தகடும் தூணும் சேரும் வெல்டிங் முழுக்கத் திறந்திருந்தது. குனிந்து பார்த்தால் வெல்டிங்குக்கு உள்ளே பழைய துருக் கோடு ஒன்று செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அதாவது மோதுவதற்கு எவ்வளவோ முன்பே பாதி வெல்டிங் வெடித்துப் போய்விட்டது. விழுந்த சட்டம் கன்டரின் கபினுக்கும் பெட்டிக்கும் இடையில் சிக்கி நின்றதால் எவருக்கும் ஒன்றுமில்லை. பின்னால் ஒரு பெடியன் சைக்கிளில் வந்துகொண்டிருந்திருக்கிறான். அன்றிலிருந்து என் மனதில் முதல் இடம் வண்டிக்கு அல்ல, பின்னால் வருபவனுக்குத்தான். யாழ்ப்பாணத்தில் எந்த வாகனத்துக்குப் பின்னாலும் ஒரு மோட்டார் சைக்கிளோ சைக்கிளோ இருக்கும் என்று வைத்துக்கொண்டே வரைய வேண்டும்.

ஆகவே உங்கள் வாசலுக்கு நான் சொல்வது தொங்கும் சட்டம். 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் அல்லது மெல்லிய அலுமினியக் குழாய், மஞ்சளும் கறுப்பும் பூசி, மேலே ஒரு கட்டுமானத்திலிருந்து இரண்டு சங்கிலிகளில் தொங்க வேண்டும். மேலே உள்ள கட்டுமானம் சட்டத்தைவிடக் குறைந்தது ஒரு மீட்டராவது உயரத்தில் இருக்கட்டும், முடிந்தால் அந்த வாசலுக்குத் திரும்பக்கூடிய எந்த லொறியையும்விட உயரத்தில். பலர் சட்டத்தை ஒரு சாண் சங்கிலியில் தொங்கவிட்டுவிடுகிறார்கள், அப்போது சட்டம் விலகினாலும் வண்டி அடுத்த கணம் மேல் கட்டுமானத்தில் மோதும். சங்கிலி நீளமாக இருந்தால்தான் சட்டம் பின்னால் சாய்ந்து, கூரையில் உரசி, சத்தம் போட்டு, வண்டி போனதும் மீண்டும் தொங்கும். சத்தம் முக்கியம். கண்ணாடி ஏற்றி ஏசி போட்ட வானில் பி.வி.சி. உரசுவது கேட்காது, அதனால் சட்டத்தின் கீழ் விளிம்பில் சின்னத் தகட்டுத் துண்டுகளைத் தளர்வாகத் தொங்கவிட்டால் கூரையில் தடதடவென்று விழும், எந்த ஓட்டுநரும் நின்றுவிடுவார்.

சங்கிலிக்கு என்ன பலம் வேண்டும்? இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சட்டம் 10 கிலோ, சங்கிலி 1 மீட்டர், வண்டி செக்கனுக்கு 10 மீட்டரில் (மணிக்கு 36 கிலோமீட்டர்) தட்டிவிட்டால் சட்டம் ஏறக்குறைய அந்த வேகத்தில் ஊஞ்சல்போல் பறக்கும். வட்டத்தில் சுழலும் பொருளின் இழுவை திணிவு பெருக்கல் வேகவர்க்கம் வகுத்தல் ஆரை, அதாவது 1000 நியூட்டன், சட்டத்தின் எடையையும் கூட்டினால் 1100. ஒரு சங்கிலிக்கு 550. சங்கிலி இறுகும்போது வரும் உதறலுக்காக மூன்று நான்கு மடங்கு வைத்தாலும் சாதாரணச் சங்கிலி தாங்கும். இதே இடத்தில் "பலமாக இருக்கட்டும்" என்று நாலு அங்குல ஜீ.ஐ. பைப்பை ஆறு மீட்டருக்குத் தொங்கவிட்டால் எடை 70 கிலோவைத் தாண்டும், இழுவை ஏழு மடங்குக்கு மேல் ஏறும், சங்கிலி அறுந்தால் 70 கிலோ பின்னால் வருபவரின் தலையில். சட்டம் பாரமாகப் பாரமாக ஆபத்துத்தான் கூடுகிறது, காவல் கூடுவதில்லை. இன்னொரு வகை விசை மறக்கக் கூடாதது காற்று. சோழகம் வீசும் மாதங்களில் தொங்கும் சட்டம் நாள் முழுக்க ஆடும், ஆடி ஆடி வளையமும் கொளுக்கியும் தேயும். கடலும் கடனீரேரியும் சுற்றிலும் இருக்கும் ஊரில் தேய்ந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போனவுடன் துரு பிடித்துக்கொள்ளும். கொளுக்கிக்குத் துருப்பிடிக்காத உருக்குக்குப் போங்கள், சின்னச் செலவுதான். சங்கிலியோடு கூடவே தளர்வாக ஒரு கம்பிக் கயிறு கட்டிவிடுங்கள், சங்கிலி அறுந்தாலும் சட்டம் நிலத்துக்கு வராமல் அது பிடிக்கும்.

உரிமையாளர் தொங்கும் சட்டத்துக்குச் சம்மதிக்கவே இல்லை, இறுகின சட்டம்தான் வேண்டும் என்று நின்றால் அதற்கும் ஒரு நல்ல வழி உண்டு. இங்கே விசையை விட்டுவிட்டு சக்தியால் யோசியுங்கள். ஆள் ஏற்றிய ஹயஸ் 2800 கிலோ, மணிக்கு 10 கிலோமீட்டரில் வந்தால் இயக்கசக்தி 10.8 கிலோஜூல். கூரையும் சட்டமும் சேர்ந்து 300 மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்தால் சராசரி விசை 36 கிலோநியூட்டன், 100 மில்லிமீட்டர்தான் என்றால் 108. அதே வண்டி 20 கிலோமீட்டரில் வந்தால் சக்தி நான்கு மடங்கு. பார்த்தீர்களா, ஒரே வண்டி, ஒரே சட்டம், விசை மட்டும் 36 இலிருந்து 400க்கு மேல் வரை எங்கும் நிற்கும், வண்டியின் வேகத்தையும் நீங்கள் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதையும் பொறுத்து. ஆகவே விசை வெளியிலிருந்து வந்து விழும் எண் அல்ல, பாதியாவது நீங்களே தீர்மானிக்கும் எண்.

அதனால் எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நீங்களே ஃபியூஸ் வையுங்கள். வாசல் 4 மீட்டர் என்று எடுப்போம். 100க்கு 100, 5 மில்லிமீட்டர்ச் சதுரக் குழாய் நடுவில் அடிபட்டால் ஏறக்குறைய 18 கிலோநியூட்டனில் வளையத் தொடங்கும், அந்த விசையிலேயே வளைந்துகொண்டு போனால் 10.8 கிலோஜூலை 600 மில்லிமீட்டருக்குள் குடித்துவிடும். ஓரத்தில் அடிபட்டால் குழாய் வளையாது, விசை நேரே தூணுக்குப் போகும், ஆகவே அங்கே முனை இணைப்பு விட்டுக்கொடுக்க வேண்டும்: சட்டத்தின் முனையை ஒரு தட்டில் உட்கார வைத்து, ஒரே ஒரு 10 மில்லிமீட்டர் 4.6 தரப் போல்ட்டால் பூட்டுங்கள். அது 14 கிலோநியூட்டன் சுமாரில் வெட்டுப்படும். கையில் வரும் போல்ட் எழுதியதைவிடப் பலமாகத்தான் இருக்கும் என்பதால் தூணையும் அடித்தட்டையும் அத்திவாரத்தையும் அதன் ஒன்றரை மடங்குக்கு, 21 கிலோநியூட்டனுக்குப் பாருங்கள். 2.3 மீட்டரில் 48 கிலோநியூட்டன் மீட்டர், 1.5 மீட்டர் சதுரத்தில் 1.2 மீட்டர் ஆழம், 2.7 கன மீட்டர் கொங்கிரீட். முந்தைய எட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போல்ட் வெட்டுப்பட்டதும் சட்டம் விழாமல் இரண்டு முனையிலும் கம்பிக் கயிறு கட்டாயம், கயிறு போல்ட்டோடு சேராமல் தூணில் தனியாகக் கட்டியிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் நீங்களே நின்று பாருங்கள், வேறு ஒருவரிடமும் விடாதீர்கள்: போல்ட்டின் தலையில் 4.6 என்று இருக்கிறதா என்று. கடையில் 4.6 இல்லை, 8.8 தருகிறேன், அது இன்னும் நல்லது என்பார்கள், நல்ல மனதோடுதான் சொல்வார்கள். 8.8 ஐப் போட்டால் ஃபியூஸ் இரண்டு மடங்காகி, விட்டுக்கொடுப்பது போல்ட் இல்லாமல் தூண் என்றாகிவிடும்.

தூணையே வண்டி இடிக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். சட்டத்தில் மோதுவதைவிட, பின்னால் எடுக்கும்போது தூணைத் தட்டுவதுதான் எங்கும் அதிகம். கார் மட்டும் வரும் இடத்தில் அரை மீட்டர் உயரத்தில் 50 கிலோநியூட்டன் போட்டுப் பாருங்கள். அடியில் வரும் மொமென்ட் 25 தான், மேலே சொன்ன 48க்குள் அடங்கிவிடும், வெட்டுவிசையை மட்டும் அடித்தட்டுப் போல்ட்டுகளில் சரிபார்த்தால் சரி.

அளவைப் பற்றி ஒரு சொல். சட்டம் உள்ளே உள்ள மிகத் தாழ்ந்த பொருளைவிட 75 முதல் 100 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும், அந்தத் தாழ்ந்த பொருள் வளை அல்ல, கழிவுக் குழாயின் முழங்கையோ மின்விளக்கோதான். உள்ளே சரிவுப் பாதை இருந்தால் சரிவு முடிந்து தட்டையாகும் பள்ளத்தில் வண்டியின் முன் சில்லும் பின் சில்லும் மேலே நிற்க நடுக்கூரை உயர்ந்துவிடும். சில்லுகளுக்கு இடையில் 4 மீட்டர், வளைவின் ஆரை 30 மீட்டர் என்றால் 65 மில்லிமீட்டருக்கு மேல் ஏறும், நீங்கள் வைத்த இடைவெளி அங்கேயே போய்விடும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் போன்ற உயரக் கூரை வண்டி 2.2 மீட்டரில் நுழையாது. அது எங்கே நிற்கும், ஆளை எந்த வழியால் கொண்டுபோவது என்று வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள்.

இனிக் கோயில் வளைவு. இது முழுக்க வேறு கதை. யாழ்ப்பாணத்தில் மேம்பாலம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை, நிலம் தட்டை, ரயில் பாதையையும் கடவையில்தான் கடக்கிறோம். எங்கள் ஊர்களில் தலைக்கு மேலே வண்டி மோதுவதென்றால் பெரும்பாலும் இந்த நுழைவாயில் வளைவுகளில்தான். மணல் கொட்டிவிட்டுப் பெட்டியை இறக்காமல் வரும் டிப்பர் அல்லது கூரைக்கு மேல் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். ஏற்றிய டிப்பர் 16 தொன், மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் இயக்கசக்தி 990 கிலோஜூல். மேலே பார்த்த ஹயஸைப்போல் தொண்ணூறு மடங்கு. யூரோகோட்டின் இணைப்பில் இறுகின பொருளில் மோதும் லொறிக்கு ஒரு சூத்திரம் உண்டு, வேகத்தை விறைப்பும் திணிவும் பெருக்கியதன் வர்க்கமூலத்தால் பெருக்குவது, விறைப்பு மீட்டருக்கு 300 கிலோநியூட்டன். அதில் போட்டால் 770 வருகிறது. நகர வீதிக்கு மேலமைப்புக்கு அட்டவணை சொல்லும் 250 ஐ எடுத்தாலும் ஒழுங்கையில் அப்படி ஒரு தூணுக்கும் அத்திவாரத்துக்கும் இடமே இல்லை. அந்த வண்டியை ஒரு சட்டத்தால் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது, உள்ளே இருப்பவர் ஒரு மனிதர்.

உலகில் இதைச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் டேர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல உயர ரயில் பாலம் ஒன்றுக்கு முன்னால் ரயில் கம்பனி கனத்த உருக்கு வளையை வைத்திருக்கிறது. பெட்டி லொறிகளின் கூரை அதில் தகரப் பேணி திறப்பதுபோல் உரியும், பாலத்துக்கு ஒன்றும் ஆகாது. 2019 இல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள், அதன் பிறகும் மோதல் நிற்கவில்லை. ரயிலில் போகும் மக்களைக் காக்க வேண்டிய இடத்தில் அந்தத் தேர்வு நியாயமானது. ஆனால் வெறும் சுண்ணாம்புக் கட்டு வளைவு ஒன்றுக்காக அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் இடத்தில் சட்டம் வளைவுக்குப் பக்கத்தில் இருந்து பயனில்லை, ஓட்டுநர் நின்று திரும்பக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். மணிக்கு 30 இல் வரும் லொறிக்கு இரண்டு செக்கன் யோசனையும் பிரேக்கும் சேர்த்து 27 மீட்டர் போகும், 50 இல் வந்தால் 56 மீட்டர். ஒழுங்கை பிரதான வீதியில் ஏறும் சந்தியிலேயே தொங்கும் சட்டத்தை வையுங்கள், நுழையும் முன்பே தட்டினால் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒழுங்கைக்குள்ளே 60 மீட்டர் வந்த பிறகு தட்டினால் டிப்பரால் திரும்ப முடியாது, தெரிந்துகொண்டே மெதுவாக வளைவுக்கடியால் விட்டுப் பார்ப்பார்.

வளைவின் உயரத்தை நடுவில் அளக்காதீர்கள். வளைவு நடுவில் உயரம், ஓரத்தில் தாழ்வு, எதிரே ஓட்டோ வந்தால் டிப்பர் இடப்பக்க ஓரத்துக்கு ஒதுங்கித்தான் போகும். 2013 மே 23 அன்று அமெரிக்காவில் ஸ்காஜிட் ஆற்றுப் பாலம் விழுந்ததும் இதே மாதிரித்தான்: மேலே குறுக்கே இருந்த சட்டங்கள் நடுவில் உயர்ந்தும் ஓரத்தில் தாழ்ந்தும் இருந்தன, உயரமான சுமை ஏற்றிய லொறி ஓர வழியில் போய் அவற்றில் இடித்தது, பாலத்தின் ஒரு பகுதி முழுக்க ஆற்றில் விழுந்தது. நல்லகாலம், உயிர் போகவில்லை. அங்கே சட்டங்கள் மெலிந்தவை என்பதைவிட, ஒன்று போனால் மற்றவை தாங்கும் அமைப்பு இல்லாததுதான் பெரிய காரணம். உங்கள் வளைவில் இதைச் சரிபாருங்கள், ஒரு பக்கத் தூண் நகர்ந்தால் மேல் பாகம் அப்படியே ஒழுங்கையில் விழுமா என்று. விழும் என்றால் சட்டம் போடுவதற்கு முன் வளைவின் கம்பி வேலையைப் பார்க்க வேண்டும். பிறகு ஒழுங்கைக்குக் கார்பெட் (புதுத் தார்ப்படை) போட்டிருந்தால் பழைய பலகையில் எழுதிய உயரத்தை நம்ப வேண்டாம், 50 மில்லிமீட்டர் குறைந்திருக்கும்.

கடைசியாக, திருவிழா. தேர் அந்த ஒழுங்கையால் வராவிட்டாலும் தூக்குக்காவடி வரும். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலோ கன்டரிலோ உயரமான துலாவில் ஆள் தொங்கிக்கொண்டு வரும்போது நேரே எதிரே ஒரு சட்டம் இருப்பதை நினைத்துப் பாருங்கள், அவர் தலை மட்டத்தில். தொங்கும் சட்டமென்றாலும் அங்கே இருக்கவே கூடாது. ஆகவே இரண்டு சங்கிலியையும் ஒரு பக்கத் தூணில் கைப்பிடியால் சுற்றி முழுக்க மேலே இழுத்துப் பூட்டும் அமைப்பாகச் செய்யுங்கள், மேல் கட்டுமானத்தையும் ஒரு பக்கமாகத் திருப்பி ஒழுங்கை ஓரத்தில் வைக்கக்கூடியதாக ஒற்றைத் தூணில் பிணைச்சலோடு வையுங்கள். பூட்டின் ஒரு சாவி கோயில் பரிபாலன சபையிடம், இன்னொன்று கிராம சேவகரிடம். திருப்பிக் கட்டும் பிணைச்சலின் முள்ளுக்கு ஆண்டுக்கு ஒரு தடவை கொடியேற்றத்துக்கு முதல் வாரம் கிறீஸ் போடச் சொல்லுங்கள், அப்போது கொளுக்கியையும் கயிற்றையும் ஆள் ஏறிப் பார்த்ததாகவும் ஆகிவிடும்.